டிஸ்ப்யூட் ரெசல்யூஷன் மாஸ்டர்ஸ்: சேர்க்கை, ஃபீஸ், பாதியில் விலகினால் என்ன ஆகும்?

மலையருவி:

வணக்கம். தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டக் கல்லூரி நடத்தும் டிஸ்ப்யூட் ரெசல்யூஷன் (தகராறுகளைத் தீர்க்கும் முறைகள்) மாஸ்டர்ஸ் படிப்பில் 2026 ஃபால் செமஸ்டருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நான் வக்கீல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.இ., இப்போது எச்.ஆர். வேலை, கிரீன் கார்டு உண்டு. வேலையை விடாமல் செமஸ்டருக்கு 6 யூனிட் (பாட அளவு) எடுக்க உத்தேசம். வாரம் ஒரு மாலை நெகோஷியேஷன் (பேச்சுவார்த்தை) வகுப்பு. செப்டம்பரில் நான்கு நாள் மீடியேஷன் (சமரசம்) இன்டென்சிவ், அதாவது சில நாளிலேயே முடியும் தீவிர வகுப்பு. நவம்பரில் நான்கு நாள் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) இன்டென்சிவ். ஒவ்வொன்றும் 2 யூனிட். அங்கே 8 யூனிட் முழுநேரம், 4 யூனிட் அரைநேரம்.

தெரிய வேண்டியவை: இடத்தை உறுதி செய்யக் கட்டும் டெபாசிட் திரும்ப வருமா? ஒரு வகுப்பை விட்டால் எவ்வளவு பணம் திரும்பும்? மத்திய அரசு மாணவர் கடன் வாங்கிவிட்டு நடுவில் முழுசாக விலகினால் என்ன ஆகும்? என் கம்பெனி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தருகிறது, அதை எப்படிச் சேர்த்துக் கணக்குப் போடுவது?

தம்பி சென்னையில் எல்.எல்.பி. முடித்தவன். இதே துறையில் எல்.எல்.எம். படிக்க எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறான். எனக்குச் சொல்லும் விதிகள் அவனுக்கும் பொருந்துமா?

---

கணக்குப்பிள்ளை:

வாழ்த்துகள். முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகும் நாளை மூன்று பேர் மூன்று விதமாக எண்ணுவார்கள். கல்லூரியின் ஃபீஸ் அலுவலகம் தன் ரீஃபண்ட் அட்டவணைப்படி எண்ணும். கடனுக்கு மத்திய அரசின் விதி வேறு. எஃப்-1 மாணவருக்குக் குடியேற்ற விதி மூன்றாவது. ஒன்றில் தப்பித்த தேதி இன்னொன்றில் மாட்டிவிடும். இந்தப் படிப்பில் வரும் பணத் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

டெபாசிட் பெரும்பாலான இடங்களில் திரும்ப வராது. சேர்ந்தால் முதல் செமஸ்டர் ஃபீஸில் கழிப்பார்கள். சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் டெபாசிட்டும் கூட வருமா, புதிதாகக் கட்ட வேண்டுமா என்பதை ஈமெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் இதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

ஃபீஸ் யூனிட் கணக்கில்தான். பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராஸ் இன்ஸ்டிட்யூட் 1986-லிருந்து இந்தத் துறையில் இருக்கிறது; அங்கே வக்கீல் அல்லாதவர்களும் படிக்கும் மாஸ்டர்ஸ் 32 யூனிட், எல்.எல்.எம். 26 யூனிட். இரண்டுக்கும் பல வகுப்புகள் பொது என்றாலும் மொத்தச் செலவு ஒன்றாகாது. யூனிட் விலை ஆண்டுதோறும் ஏறும். பகுதிநேரமாக மூன்று ஆண்டு படிப்பவர் இன்றைய விலையை 32-ஆல் பெருக்கிப் பார்த்தால் கணக்கு துண்டு விழும். செமஸ்டர்தோறும் வரும் தனிக் கட்டணங்களும் உண்டு. அவை 2 யூனிட் எடுத்தாலும் 8 எடுத்தாலும் ஒரே அளவு.

இனி டிராப், வித்ட்ராயல். இரண்டும் வேறு. ஆட்-டிராப் கெடு (வகுப்பைச் சேர்க்கவோ நீக்கவோ உள்ள கடைசி நாள்) முடியும் முன் வகுப்பை நீக்கினால் அது டிராப்: மதிப்பெண் பட்டியலில் சுவடே இருக்காது, ஃபீஸ் முழுதும் திரும்பும். கெடு தாண்டினால் வித்ட்ராயல்: பட்டியலில் டபிள்யூ (விலகியதற்கான குறி) விழும், ஃபீஸ் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே திரும்பும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒரு டாலர்கூட வராது. ஆனால் டபிள்யூ வாங்கும் வாய்ப்பு அதன் பிறகும் சில வாரம் திறந்திருக்கும். பணம் திரும்பும் கடைசி நாளும், எஃப் (தோல்வி) விழாமல் விலகும் கடைசி நாளும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் சிக்கலானது இன்டென்சிவ். செமஸ்டர் அட்டவணையைப் பார்த்து “இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது” என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். இன்டென்சிவுக்குத் தனிக் கெடு. பல கல்லூரிகளில் முதல் நாள் வகுப்பு தொடங்கும் முன்பே அது முடிந்துவிடும். காரணம் நியாயமானது. மீடியேஷன் வகுப்பில் ரோல்-பிளே ஜோடிகளை முன்கூட்டியே பிரித்து, ரகசியக் குறிப்புகளை ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுவார்கள். இடங்களும் குறைவு. கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் எதிர்த்தரப்புக்கு ஆள் இல்லாமல் போகும், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவரும் முன்வாசிப்பு இல்லாமல் உள்ளே வர முடியாது.

2 யூனிட்டுக்குச் சுமார் 25 மணி நேர வகுப்பு. அதை நான்கு நாளில் அடைக்கும்போது ஒரு நாள் வராமல் போனால் கால்வாசி வகுப்பு போய்விடுகிறது. அதனால் வருகை விதி கடுமையாக இருக்கும். சில ஆசிரியர்கள் அரை நாளுக்கே யூனிட் தர மாட்டார்கள். அப்படி வெளியேற்றப்பட்டால் அந்த நேரத்தில் ரீஃபண்டும் பூஜ்யம். இன்னொன்று, வகுப்பு முடிந்த சில வாரம் கழித்துக் கட்டுரை கொடுக்க வேண்டியிருக்கும். நான்கு நாளும் உட்கார்ந்துவிட்டுக் கட்டுரையை விட்டவருக்கு முதலில் இன்கம்ப்ளீட் (பாடம் முடியவில்லை என்ற குறி), கெடு போனால் எஃப்.

மீடியேஷன் கிளினிக் எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) உண்மையான வழக்காளிகள் முன் உட்கார வைப்பார்கள். அதிலிருந்து நடுவில் விலக ஆசிரியர் அனுமதி கேட்பார்கள், இணையப் பக்கத்தில் பட்டனை அழுத்தினால் போதாது.

பணம் கட்டாமல் இருந்தால் தானாகப் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். சில கல்லூரிகள் எடுக்கும், சில எடுக்காது. எடுக்காத இடத்தில் முழு ஃபீஸும் தாமதக் கட்டணமும் சேர்ந்து கடனாக நிற்கும். கலிஃபோர்னியாவில் 2020 முதல் ஃபீஸ் பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பாக்கியை வசூலிக்க அனுப்புவதை அது தடுக்காது.

---

தென்றல்77:

கடன் பகுதிக்கு நான் வருகிறேன்.

2026 ஜூலை 1 முதல் விதி மாறுகிறது. புதிதாகக் கடன் வாங்கும் மாஸ்டர்ஸ் மாணவருக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புக்கான கூடுதல் மத்திய அரசுக் கடன்) இனி கிடையாது. மிஞ்சுவது அன்சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்போதே வட்டி ஏறுவது) மட்டும்: ஆண்டுக்கு 20,500 டாலர், மாஸ்டர்ஸ் வகைக்கு மொத்தம் 1,00,000. ஜே.டி. (அமெரிக்க வக்கீல் பட்டம்) போன்ற தொழிற்படிப்புகளுக்குத்தான் ஆண்டுக்கு 50,000. சட்டக் கல்லூரிக்குள் நடக்கிறது என்பதற்காக உங்கள் படிப்பு அந்த வகையில் சேராது. முழுநேரத்துக்குக் குறைவாகப் படித்தால் அந்த விகிதத்தில் ஆண்டு வரம்பும் குறையும். 8-க்கு 6 யூனிட் என்றால் முக்கால் பங்கு, அதாவது 15,375 டாலர். செமஸ்டருக்குச் சுமார் 7,687. அரைநேரத்துக்குக் கீழே போனால் கடனே கிடையாது.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தகுதி உண்டு. 2026-27 எஃப்ஏஎஃப்எஸ்ஏ (மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) படிவத்தில் 2024 வரிக் கணக்கைக் கேட்பார்கள். மாஸ்டர்ஸ் மாணவர் என்பதால் பெற்றோர் வருமானம் தேவையில்லை. முதல் கடன் என்றால் என்ட்ரன்ஸ் கவுன்சலிங்கும் (கடன் பொறுப்பு பற்றிய விளக்கம்) பிராமிசரி நோட்டும் முடித்தால்தான் பணம் இறங்கும்.

இப்போது நடுவில் விலகினால் என்ன. ஒரு வகுப்பை மட்டும் விட்டு மற்றதைத் தொடர்ந்தால் கடனைத் திருப்பும் கணக்கு எழாது. எல்லா வகுப்பையும் விட்டால் எழும். செமஸ்டரில் எத்தனை நாள் இருந்தீர்களோ அந்த விகிதத்துக்குத்தான் கடன் “உங்களுடையது”. 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் முழுதும் உங்களுடையது. ஐந்து நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து வரும் விடுமுறையை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

எண்ணிக்கை போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க, மூன்று வகுப்பும் செமஸ்டர் முழுதும் நடப்பதாகவும் யூனிட் 2,000 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். ஃபீஸ் 12,000. கடன் 7,600, கையிலிருந்து 4,400. செமஸ்டர் 108 நாள். தேங்க்ஸ்கிவிங் புதன் முதல் ஞாயிறு வரை 5 நாள் போக 103. நீங்கள் 31-ஆம் நாள் விலகுகிறீர்கள். 31-ஐ 103-ஆல் வகுத்தால் 30.1 சதவீதம். கடனில் 2,287.60 உங்களுடையது. மீதி 5,312.40-ஐக் கல்லூரி 45 நாளுக்குள் அரசுக்குத் திருப்பி அனுப்பும்.

அந்த வாரத்தில் கல்லூரி ரீஃபண்ட் 25 சதவீதம் என்று வையுங்கள். ஃபீஸ் 12,000-லிருந்து 9,000 ஆகும். கல்லூரியிடம் இருப்பது உங்கள் 4,400-உம் கடனில் நின்ற 2,287.60-உம், கூட்டினால் 6,687.60. பாக்கி 2,312.40. அதற்குப் பில் வரும், உடனே கட்டச் சொல்வார்கள். “கடனைத் திருப்பிவிட்டார்களே, எனக்கு ஏன் பில்” என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: அரசு நாள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, கல்லூரி வார அட்டவணையில் பிடித்துக்கொள்கிறது. ஒரு யூனிட்டும் கிடைக்காமல் 9,000 டாலர் செலவு. இதே எடுத்துக்காட்டில் 62-ஆம் நாள் விலகினால் கடன் முழுதும் நிற்கும்; கல்லூரி ரீஃபண்ட் அதற்குள் பூஜ்யமாகியிருக்கும்.

உங்கள் உண்மையான அட்டவணையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. செமஸ்டர் முழுதும் நீளாத வகுப்புகள் கலந்திருப்பதால் மாட்யூல் விதிகள் பொருந்தும். அரைநேர அளவுக்கான யூனிட்டுகளைத் தேர்ச்சியோடு முடித்துவிட்ட மாணவர் பிறகு நின்றாலும் அரசு அவரை விலகியவராகக் கருதாது. இரண்டு இன்டென்சிவும் முடித்தால் 4 யூனிட், உங்கள் கல்லூரியில் அது அரைநேரம். அதற்குப் பிறகு நெகோஷியேஷன் வகுப்பை விட்டால் கடன் கணக்கு எழாது. செப்டம்பர் இன்டென்சிவ் மட்டும் முடித்துவிட்டு அக்டோபரில் எல்லாவற்றையும் விட்டால் எழும். நினைவிருக்கட்டும், தேர்ச்சி வேண்டும்; இன்கம்ப்ளீட் போதாது.

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் மிக மோசம். வருகைப் பதிவு கட்டாயமில்லாத கல்லூரியில், முறையாகத் தெரிவித்த நாள்தான் விலகிய நாள். எதுவும் தெரிவிக்காவிட்டால் செமஸ்டரின் நடு நாளையோ, கடைசியாகத் தேர்வோ அசைன்மென்ட்டோ கொடுத்த நாளையோ வைத்துக் கணக்குப் போடுவார்கள். கல்லூரி ஃபீஸ் பக்கத்தில் ரீஃபண்ட் எதுவும் கிடைக்காது. பட்டியலில் வரிசையாக எஃப். ஆசிரியரிடம் சொன்னால் போதாது, கல்லூரி குறித்துள்ள அலுவலகத்திடம் சொல்ல வேண்டும்.

---

மலையருவி:

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். விலகுவதற்குப் பதிலாக லீவ் ஆஃப் ஆப்சென்ஸ் கேட்டால் கடன் கணக்கிலிருந்து தப்பலாமா? தம்பி விஷயம் யாராவது சொல்லுங்களேன்.

---

தென்றல்77:

லீவ் பெரும்பாலும் உதவாது. அரசு விதிப்படி 12 மாதத்தில் 180 நாள் வரை லீவ் தரலாம், அது விலகலாக எண்ணப்படாது. ஆனால் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்தே அதே வகுப்பைத் தொடர முடிய வேண்டும். செமஸ்டர் முறையில் அக்டோபரில் விட்ட நெகோஷியேஷன் வகுப்பை ஜனவரியில் நடுவிலிருந்து தொடர வழியில்லை. அதனால் கல்லூரி “லீவ்” என்று பெயர் கொடுத்தாலும் கடன் அலுவலகம் விலகலாகத்தான் கணக்கிடும். ஆறு மாதச் சலுகைக் காலமும் அன்றே ஓடத் தொடங்கும். அது முடிந்தால் தவணை.

கல்லூரியின் லீவுக்கு வேறு பயன் உண்டு: திரும்ப விண்ணப்பிக்காமல் இடம் காக்கப்படும். படிப்பை முடிக்கும் கால வரம்பில் லீவ் நாளைச் சேர்ப்பார்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு கண்ணி. டபிள்யூ வகுப்புகள் “முயன்ற யூனிட்”டில் சேரும், “முடித்த யூனிட்”டில் சேராது. அந்த விகிதம் கல்லூரி வைத்திருக்கும் அளவுக்குக் கீழே போனால் அடுத்த கடன் நிற்கும். பணம் நஷ்டமில்லாத டபிள்யூகூட இங்கே கணக்கில் வரும்.

---

குமரிமுனை:

தம்பிக்கு: மத்திய அரசுக் கடன் எஃப்-1 மாணவருக்குக் கிடையாது, ஆகவே மேலே சொன்ன 60 சதவீதக் கணக்கும் அவருக்கு இல்லை. கல்லூரி ரீஃபண்ட் அட்டவணை அப்படியே பொருந்தும். அதற்கு மேல் விசா இருக்கிறது, தவறினால் பணத்தைவிடப் பெரிய இழப்பு.

முதலில் படிப்பு நேரில் நடப்பதுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் முழுதும் ஆன்லைனில் நடக்கும் எல்.எல்.எம். உண்டு, அதற்கு ஐ-20 (விசாவுக்குக் கல்லூரி தரும் சான்றுப் படிவம்) தர மாட்டார்கள். நேர்முகப் படிப்பிலும் ஒரு செமஸ்டரில் ஒரு ஆன்லைன் வகுப்பு, அல்லது 3 யூனிட் வரைதான் முழுநேரக் கணக்கில் சேரும். வார இறுதி இன்டென்சிவ் நேரில் என்றால் சிக்கலில்லை.

முழுநேர அளவுக்குக் கீழே இறங்க வேண்டுமானால், வகுப்பை நீக்கும் முன்பே டிஎஸ்ஓவின் (வெளிநாட்டு மாணவர்களுக்கான கல்லூரி அதிகாரி) அனுமதி செவிஸில் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) ஏறியிருக்க வேண்டும். நீக்கிவிட்டுப் போய்க் கேட்டால் அந்தஸ்து மீறல் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஏற்கப்படும் காரணங்கள் மிகச் சில. மருத்துவக் காரணம், மருத்துவர் கடிதத்தோடு, ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. தொடக்கத்தில் ஆங்கிலமோ அமெரிக்கக் கற்பிக்கும் முறையோ பிடிபடாத சிரமம், அல்லது பொருந்தாத நிலை வகுப்பில் போட்டது. அப்போதும் பாதி யூனிட்டாவது தொடர வேண்டும். கடைசி செமஸ்டரில் மீதமுள்ள யூனிட் குறைவாக இருப்பது. பணக் கஷ்டம் இந்தப் பட்டியலில் இல்லை, நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை.

நவம்பர் இன்டென்சிவை நம்பி 8 யூனிட் எடுப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆகஸ்டில் முழுநேரம், நவம்பரில் அந்த வகுப்பு நின்றால் 6 யூனிட். அதற்குள் வேறு வகுப்பில் சேரும் கெடு எப்போதோ போயிருக்கும். ஆண்டின் பின்பகுதியில் வரும் இன்டென்சிவ் இல்லாமலே முழுநேர அளவு நிற்கும்படி அட்டவணை போடுவது பாதுகாப்பு. நான் திட்டவட்டமாகச் சொல்வது இதுதான்: எஃப்-1 மாணவர் முதல் செமஸ்டரில் வார வகுப்புகளையே அடித்தளமாக வைக்க வேண்டும்.

முழுசாக விலக நேர்ந்தால் டிஎஸ்ஓ அனுமதியோடு விலகினால் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். அனுமதி இல்லாமல் நின்றால் ஒரு நாள்கூட அவகாசமில்லை. படிப்பு முடித்தவருக்குச் சொல்லப்படும் 60 நாளோடு இதைக் குழப்பக் கூடாது. ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் பொதுவாகப் புது ஐ-20, 350 டாலர் செவிஸ் கட்டணம் மறுபடி. ஓபிடிக்குத் (படிப்பை ஒட்டிய வேலை அனுமதி) தேவையான ஓராண்டுப் படிப்பும் முதலிலிருந்து எண்ணப்படும். ஓராண்டில் முடியும் எல்.எல்.எம்.முக்கு இது பெரிய அடி.

---

வரிவாசகன்:

கம்பெனிப் பணம் பற்றி. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியில்லை, சரி. ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் மதிப்பெண் வந்த பிறகுதான் தரும், பி-க்குக் குறைந்தால் தராத இடமும் உண்டு. டபிள்யூவுக்கு எதுவும் வராது. அதனால் தென்றல்77 காட்டிய கணக்கில் அந்தப் பணத்தைக் கையிருப்பாக எண்ணாதீர்கள். வேலையை விட்டால் ஓராண்டு, ஈராண்டுக்குள் பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனையும் இருக்கும், கையெழுத்திடும் முன் படியுங்கள். இந்த 5,250 காலண்டர் ஆண்டுக் கணக்கு என்பதால் ஃபால், ஸ்பிரிங் பில்களை இரண்டு ஆண்டுகளில் பிரித்து வாங்கலாம்.

லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டுக்கு (படிப்புச் செலவுக்கான வரிச் சலுகை) அரைநேரம்கூடத் தேவையில்லை. 10,000 டாலர் வரையான ஃபீஸில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000. தனிநபர் வருமானம் 80,000 தாண்டினால் குறையத் தொடங்கி 90,000-இல் நின்றுவிடும். தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 1,60,000 முதல் 1,80,000. கம்பெனி கொடுத்த தொகைக்கு இந்த கிரெடிட் கேட்க முடியாது. ஒரே டாலருக்கு இரண்டு சலுகை இல்லை. வரித் தாக்கல் முடிந்தபின் முந்தைய ஆண்டு ஃபீஸ் ரீஃபண்டாக வந்தால் எடுத்த கிரெடிட்டில் ஒரு பகுதி திருப்ப வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு 1098-டி படிவத்தில் (கல்லூரி தரும் ஃபீஸ் அறிக்கை) அது தெரியும்.

உடல்நலக் காரணத்தால் விலகுபவர்களுக்கு டியூஷன் இன்சூரன்ஸ் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் வாங்கியாக வேண்டும். வேலைப்பளு, ஊர் மாற்றம், மனம் மாறியது எதற்கும் அது பணம் தராது. கல்லூரியிடமும் மருத்துவ விலகல் மனு தரலாம், அதற்குத் தனிக் கெடு உண்டு.

---

கணக்குப்பிள்ளை:

விலகும் நிலை வந்தால் செய்யும் வரிசையும் முக்கியம், அதைச் சேர்த்துவிடுகிறேன். முதலில் கடன் அலுவலகத்துக்கு ஈமெயில்: “இந்தத் தேதியில் விலகினால் எவ்வளவு பாக்கி வரும்?” அவர்கள் கணக்குப் போட்டுத் தருவார்கள். தம்பியானால் டிஎஸ்ஓதான் முதல். அடுத்து, மீதியிருக்கும் இன்டென்சிவ் எதையும் அதன் தனிக் கெடுவுக்குள் டிராப் செய்யுங்கள். முழு ஃபீஸும் திரும்பும் என்பதால் இதை முன்னால் செய்தால் பில் சுருங்கும். அதே செமஸ்டரில் பின்னால் வரும் இன்டென்சிவை மட்டும் தொடர நினைத்தால் அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முழு விலகலாகவே எடுத்துக்கொள்வார்கள். பிறகுதான் ரெஜிஸ்ட்ரார் படிவம்.

படிவத்தைச் சமர்ப்பித்த நாளும் நேரமும் தெரியும் உறுதி ஈமெயிலைப் பத்திரப்படுத்துங்கள். ரீஃபண்ட் வாரம் பெரும்பாலும் ஏதோ ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கோ நள்ளிரவுக்கோ மாறும். அது பசிஃபிக் நேரமா என்பது ஆன்லைனில் வேறு மாநிலத்திலிருந்து படிப்பவருக்குப் பெரிய பண வித்தியாசம். சேர்ந்த ஆண்டின் கேட்டலாக் பிடிஎஃப்பை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டத் தேவைகளுக்கு அந்த ஆண்டு கேட்டலாக் செல்லும், ஃபீஸ், ரீஃபண்டுக்கு நடப்பு ஆண்டின் பக்கம்.